பரீட்சைக்குக் கொடுத்த பத்திரக் கட்டு

இன்று காலை ஒரு சட்ட அலுவலகத்திலிருந்து மின்னஞ்சல் வந்தது. மூன்று வக்கீல்களைத் தேடித் தர வேண்டுமாம். ஆளுக்கொரு பத்திரக் கட்டைக் கொடுத்துப் பரீட்சை வைப்பார்களாம். படித்ததும் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இழுப்பறையைத் திறந்து, ஒரு நிலத்தைப் பற்றி நீ தட்டச்சு செய்து அனுப்பிய சட்டக் கருத்துரையின், அந்த ஒப்பினியனின், கார்பன் பிரதியை எடுத்தேன். தாள் பழுப்பேறிவிட்டது. கார்பன் வாடை இன்னும் லேசாக இருக்கிறது.

சட்டக் கல்லூரி விடுதியில் ஒரே அறையில் இருந்தோம். படிப்பு முடிந்ததும் நீ திருவாரூர் கோர்ட்டுக்குப் போனாய். நான் சென்னையில் கறுப்புக் கோட்டு மாட்டிப் பார்த்தேன், சரிப்படவில்லை. சட்ட அலுவலகங்களுக்கு ஆள் தேடிக் கொடுக்கும் வேலையில் இறங்கினேன். வெளிநாட்டுக் கம்பெனிகள் வரத் தொடங்கியிருந்த நேரம், வக்கீல்களுக்கு நல்ல கிராக்கி. "மாட்டுத் தரகு கேள்விப்பட்டிருக்கேன், வக்கீல் தரகு இப்பதான் பாக்குறேன்" என்று சிரித்தாய். ஆனால் உனக்கும் நெருக்கடி வந்தது. ஷார்ஜாவில் கடை வைத்திருந்த உன் அண்ணன் விசா எடுத்து அனுப்பிவிட்டார். "மாப்ள, ஒரே ஒரு வேல பாத்துக் குடு. கெடச்சா வக்கீலா இருப்பேன். இல்லன்னா அண்ணன் கடையில சாமான் அடுக்கணும்" என்றாய்.

பெரிய அலுவலகம் ஒன்றில் நிலப் பத்திரம் பார்க்க ஆள் கேட்டார்கள். உன் பெயரைக் கொடுத்தேன். பரீட்சையாக ஒரு கட்டு நகல் வந்தது. திருவாரூர்ப் பக்கத்தில் ஒரு கம்பெனி வாங்கப்போகும் நஞ்சை. அதில் வில்லங்கம் உண்டா என்று எழுத வேண்டும். வேறு யாராக இருந்தாலும் காகிதத்தைப் பார்த்தே எழுதியிருப்பார்கள். நீதான் காகிதத்தை நம்ப மாட்டாயே. டிவிஎஸ் ஃபிப்டியை எடுத்துக்கொண்டு வயலுக்கே போனாய். களை பறித்துக்கொண்டிருந்த ஓர் அம்மாவிடம், "இந்த நெலம் யாரு சாகுபடிங்க?" என்று கேட்டிருக்கிறாய்.

"எங்க மாமனார் காலத்துலேர்ந்து நாங்கதாங்க குத்தகைக்கு ஓட்டுறோம். பத்திரத்துல எங்க பேரு இல்லன்னா நாங்க இல்லன்னு ஆயிடுமா?" என்றாராம் அவர்.

குத்தகைக் குடும்பத்துக்கு உரிமை இருக்கிறது, அவர்களோடு பேசித் தீர்க்காமல் இந்த நிலத்தை வாங்கக் கூடாது என்று ஆங்கிலத்தில் ஆறு பக்கம் எழுதி, அசலை அலுவலகத்துக்கும் கார்பன் பிரதியை எனக்கும் அனுப்பினாய். அத்தனை தெளிவான ஒப்பினியனை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

இரண்டு வாரம் கழித்து 'ஆங்கிலம் போதாது' என்று ஒரு வரியில் பதில் வந்தது. அதை நானே உனக்குப் போனில் சொன்னேன். "அப்படியா சொன்னாங்க? சரி மாப்ள, நீ என்ன பண்ணுவ" என்றாய். அந்த மாதமே விமானம் ஏறினாய்.

ஐந்து மாதம் போயிருக்கும். அதே அலுவலகத்தின் முதலாளி வக்கீல் என்னைக் கூப்பிட்டு, ஓர் ஒப்பினியனை என் முன்னால் போட்டார். "இந்தத் தரத்துல எழுதற ஆளுங்களா அனுப்புங்க" என்றார். புரட்டினேன். உன் ஆறு பக்கம். கீழே அவர் கையெழுத்து. திருடியதைப் படித்துப் பார்க்கக்கூட அவருக்குப் பொறுமை இல்லை. 'நான் நேரில் வயலுக்குச் சென்று, சாகுபடி செய்யும் பெண்மணியை விசாரித்தேன்' என்ற வரி அப்படியே இருந்தது. தாம்பரம் தாண்டாத மனிதர் சேற்றில் இறங்கி விசாரித்தாராம். நீ எழுதினால் ஆங்கிலம் போதாது, அவர் கையெழுத்துப் போட்டால் போதுமா?

நான் என்ன செய்தேன் தெரியுமா? அவர் கொடுத்த டீயைக் குடித்தேன். "நல்லா இருக்கு சார்" என்றேன். அந்த வருஷம் அவர்கள் எடுக்கவிருந்த அத்தனை பேரும் என் மூலமாகத்தான் போக வேண்டும். அவரைத் திட்ட எனக்குள்ள யோக்கியதை அவ்வளவுதான்.

நீ லீவில் வந்தபோதாவது சொல்லியிருக்கலாம். ஒரு தடவை பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்துக் காட்டினாய். கடையில் கூட்டம் இல்லாத நேரத்தில் ஆங்கிலப் பேப்பர் படித்து, வார்த்தைகளை அர்த்தத்தோடு எழுதி வைத்திருந்தாய். "இப்பவாச்சும் தேறிட்டேனான்னு பாரு மாப்ள. எடம் ஏதாவது இருந்தா சொல்லு" என்றாய். நான் பக்கங்களைப் புரட்டிவிட்டு, "பரவால்ல, முன்னேத்தம் தெரியுது" என்றேன். உன்னிடம் போய் அதைச் சொல்ல எனக்கு எவ்வளவு திமிர் இருந்திருக்க வேண்டும்.

போன வருஷம் ஷார்ஜாவில் மாரடைப்பில் போய்விட்டாய். அங்கேயே உன்னை அடக்கம் செய்துவிட்டார்கள். உன் மனைவி நாலு மாதம் பத்து நாள் வீட்டோடு துக்கம் காக்கும் இத்தா முடியும்வரை பொறுத்திருந்து, திருவாரூர் வீட்டுக்குப் போனேன். ஷார்ஜாவிலிருந்து வந்த உன் பெட்டியில் பதினொரு நோட்டுகள் இருந்தன. அன்றுதான் நடந்ததெல்லாம் அவரிடம் சொன்னேன். அவர் அழவில்லை, சத்தம் போடவில்லை.

"அவங்க இருக்கும்போதே சொல்லிருக்கலாம்லண்ணே. கடைசிவரைக்கும் தனக்கு இங்கிலீசு வராதுன்னே நெனச்சிக்கிட்டு இருந்தாங்க" என்றார். பிறகு கடைசி நோட்டை எடுத்து என் கையில் கொடுத்தார்.

காலையில் வந்த மின்னஞ்சலுக்குப் பதில் அனுப்பிவிட்டேன். கட்சிக்காரருக்காக நடக்கும் வேலையைப் பரீட்சை என்று கொடுக்கக் கூடாது. கொடுத்தால், எழுதியவர் பெயர் பக்கத்துக்குப் பக்கம் இருக்க வேண்டும். இல்லையென்றால் என்னிடம் ஆள் கேட்காதீர்கள். அவர்கள் வேறு தரகனைப் பார்த்துக்கொள்வார்கள், போகட்டும். இருபது வருஷத்துக்கு முன்னால் எழுதியிருக்க வேண்டிய கடிதம் அது.

உன் நோட்டையும் கார்பன் பிரதியையும் ஒரே இழுப்பறையில்தான் வைத்திருக்கிறேன். இன்று முதல்முறையாக இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தேன். நோட்டின் கடைசிப் பக்கத்தில், தெரியாத வார்த்தை என்று நீ அர்த்தம் எழுதி வைத்த பன்னிரண்டில் நான்கு, அந்த ஆறு பக்கத்தில் நீயே பிசகில்லாமல் எழுதியவை.