அடுத்த இதழில் மின்சாரம்

கலேவெல

அன்ஸாபின் வாப்பாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். மகன் சுகம், மாமியும் சுகம். கோல் எடுத்தால் மாமி ஸ்பீக்கரில் போடச் சொல்லுவார், பக்கத்தில் உங்கள் தம்பியும் இருப்பார். அதனால்தான் மகனைத் தூங்க வைத்துவிட்டு எழுதி, படம் பிடித்து அனுப்புகிறேன்.

உங்கள் வாப்பா காலத்திலிருந்து இந்த வீட்டுக்கு வரும் விஞ்ஞான சஞ்சிகையில், இந்த மாதம் யானை வேலி கட்டும் முறை வந்திருக்கிறது. முதல் பாகம். தூண் நடுவது, கம்பி இழுப்பது, அவ்வளவுதான். கம்பிக்கு மின்சாரத்தை அளவாக, விட்டு விட்டு அனுப்பும் பெட்டியைப் பற்றி அடுத்த இதழில் எழுதுவார்களாம். உயிர் போகிற விஷயத்துக்கும் ‘தொடரும்’ போடுகிற மேதைகள்!

உங்கள் தம்பி ஸப்ரிக்கு ஒரு மாதம் பொறுக்குமா? முற்றத்தைச் சுற்றி வேலி கட்டி, வீட்டுக் கரண்டை நேராகக் கம்பியில் கொடுத்துவிட்டார். பெட்டி வேண்டாமா என்று கேட்டேன். மதினி, நீங்க கெம்பஸ்ல படிச்சது வரலாறு, கரண்ட் விஷயத்துல வாய் வெக்காதீங்க என்றார். ஓ.எல். பரீட்சை விஞ்ஞானத்தில் கடைசிவரை பாஸாகாதவர் சொல்கிறார்! நான் சுவிட்சை அணைத்தேன் என்று இப்போது சுவிட்ச் இருக்கும் அறைக்குப் பூட்டு.

செவ்வாய்க்கிழமை பக்கத்து வீட்டு பீபி சாச்சியின் ஆடு கம்பியில் பட்டு அந்த இடத்திலேயே செத்தது. சாச்சி அழுகிறார், இவர் பாத்தீங்களா, வேல செய்யுது என்கிறார். வேலியைப் படமெடுத்து சஞ்சிகையின் வாசகர் பக்கத்துக்கும் அனுப்பியிருக்கிறார், பெயருக்கு முன்னால் ‘கண்டுபிடிப்பாளர்’ என்று போட்டு. அதே படத்துக்குத்தான் நீங்கள் கட்டாரிலிருந்து மாஷா அல்லாஹ், கெட்டிக்காரன் என்று எழுதினீர்கள். ஆடு அந்தப் படத்தில் இல்லை.

மாமியிடம் சொன்னால், யான வந்து வீட்ட ஒடச்சா நீயா கட்டித் தருவ என்கிறார். அந்தப் பயம் எனக்கும் இருக்கிறது. ஆனால் யானை வந்தால் மரம் முறிகிற சத்தமாவது கேட்கும்.

உங்கள் தம்பி கேட்பது உங்கள் பேச்சை மட்டும்தான். விடிந்ததும் கோல் எடுத்துக் கம்பியைக் கழற்றச் சொல்லுங்கள். கோபப்பட்டால் படட்டும். முடியாவிட்டால் அதையும் சொல்லுங்கள், மகனைத் தூக்கிக்கொண்டு மாத்தளைக்கு உம்மா வீட்டுக்குப் போகிறேன்.

நேற்று அன்ஸாப் பிடியில்லாமல் நடந்தான், கதவைத் தாண்டி முற்றத்துக்கு. நீங்கள் கேட்டுக் கேட்டுக் காத்திருந்த செய்தி. நான் கை தட்டவில்லை. ஓடிப்போய்த் தூக்கிக்கொண்டேன். ஏன் தூக்கினேன் என்று தெரியாமல் அழுதான்.

அவன் முற்றம் முழுக்க நடக்கட்டும், விழட்டும், எழும்பட்டும் என்று துஆச் செய்யுங்கள். துஆவுக்கு முன்னால் கோலை எடுங்கள்.

உங்கள்,
றிஸ்மியா