படகில் காற்று நிற்கும் வரை

சனிக்கிழமை

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுவது. நான் நலம். உன் நலம் விசாரிக்கும் மனநிலையில் இன்று நான் இல்லை; அந்த வரியை எழுதாமலே விடுகிறேன். இதைப் போனில் சொல்லியிருக்கலாமே என்பாய். போனில் நான் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் நீ மூன்று முறை "சரிம்மா" சொல்லிவிடுவாய். கடிதத்தில் குறுக்கே பேச முடியாது. உட்கார்ந்து முழுவதும் படி.

டயர் கடைக்காரர் நேற்று படகைத் திருப்பிக் கொண்டுவந்தார். உன் அப்பா ஆற்றின் ஆழம் அளக்கும் வேலையில் இருந்தபோது, அலுவலகத்தில் கழித்துப் போட்டதை வாங்கி வந்து "எருமை" என்று பெயர் வைத்தாரே, அதே காற்றடைக்கும் படகு. மூன்று நாள் கடையில் வைத்திருந்தார். "ரப்பர் செத்துப்போச்சும்மா. இனிமே என்ன ஒட்டுப் போட்டாலும் காத்து நிக்காது" என்றார். சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை. தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

படகை மடித்து வைக்கும்போது வால்வு மூடிகளின் மேல் வெள்ளை நூலால் ஒவ்வொரு கட்டுப் போடுவது என் வழக்கம். மூன்று மூடி, மூன்று கட்டு. மூன்றும் நான் போட்டபடியே இருந்தன. காற்றே அடிக்காமல் ரப்பர் செத்ததை எப்படிக் கண்டுபிடித்தீர்கள், மூக்கில் விரல் வைத்துப் பார்த்தீர்களா என்று கேட்டேன். பாவம், பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனிதர். காது வரை சிவந்துவிட்டது.

"உங்க பையன் போன் பண்ணினாருங்க. தேறாதுன்னு சொல்லிடுங்க, அவங்க நல்லதுக்குத்தான்னாரு. எனக்கும் ஒரு அம்மா இருக்காங்க" என்றார்.

அவருடைய அம்மாவை இதில் ஏன் இழுத்தார் என்று எனக்குத் தெரியவில்லை. உன் அம்மாவை நீ ஏன் இழுத்தாய் என்றுதான் நான் கேட்கிறேன்.

செவ்வாய்க்கிழமை கடைக்காரரின் எண்ணை நீதான் கேட்டாய். "நானும் ஒரு வார்த்தை சொல்றேன்மா, நல்லா பாக்கச் சொல்றேன்" என்றாய். அன்று மாலை முழுவதும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அப்பாவின் படகைப் பற்றிப் பிள்ளைக்கு அக்கறை வந்துவிட்டது என்று எதிர்வீட்டுத் தையல்காரியிடம் பெருமை அடித்துக்கொண்டேன். மற்றதை எல்லாம் மன்னித்தாலும் அந்த மாலையை மன்னிக்க மாட்டேன்.

நமக்குள் இருந்த ஏற்பாடு உனக்கு மறந்திருந்தால் நினைவுபடுத்துகிறேன். இரண்டு வருடத்துக்கு முன் வெள்ளம் வடிந்ததும் நீ வந்து, ஆற்றோரத் தெருவில் நான் தனியாக இருக்கக் கூடாது என்று மூன்று நாள் சண்டை போட்டாய். கடைசியில் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து தாளில் எழுதினோம். ஒவ்வொரு வருடமும் மழைக்கு முன் படகில் காற்றடிக்க வேண்டும். ஒரு முழு நாள் கழித்துக் கட்டைவிரலால் அழுத்தினால் விரல் உள்ளே போகக் கூடாது. போனால், ஒரே ஒரு முறை பழுது பார்க்கலாம். அதற்குப் பிறகும் போனால் வீட்டைப் பூட்டிக்கொண்டு உன்னோடு வந்துவிட வேண்டும். நிபந்தனை சொன்னது நீ. எழுதியது நான். கையெழுத்து இருவருடையது.

போன வருடம் படகு தேறியது. இந்த வருடம் மதியத்துக்குள்ளேயே தொய்ந்துவிட்டது. அதையும் நானே உன்னைக் கூப்பிட்டுச் சொன்னேன். மறைக்கவில்லை. மறைத்திருந்தால் உனக்குத் தெரிந்திருக்காது. அந்தத் தாளுக்கு நான் கொடுத்த மரியாதை அவ்வளவு. நீ கொடுத்தது எவ்வளவு என்று நேற்றுப் பார்த்தேன்.

இன்னொன்று. எனக்கென்று ஒதுக்கிய அறையில் பச்சைத் திரைச்சீலை மாட்டிவிட்டதாக மருமகள் படம் அனுப்பியது புதன்கிழமை. கடைக்காரர் தீர்ப்புச் சொன்னது வெள்ளிக்கிழமை. எனக்கு எழுபத்து நான்கு வயது ஆகிறது. ஆனால் புதனுக்குப் பிறகுதான் வெள்ளி வரும் என்பது இன்னும் மறக்கவில்லை. அவளைத் திட்டாதே. அம்மா வர ஒப்புக்கொண்டுவிட்டாள் என்று அவளிடமும் நீ பொய் சொல்லியிருப்பாய்.

எங்கள் கான்வென்டில் தையல் கோணலாகப் போனால் சிஸ்டர் திட்ட மாட்டார். கத்தரிக்கோலைக் கையில் கொடுத்து, முதல் முடிச்சு வரை பிரிக்கச் சொல்வார். உன்னையும் அப்படித்தான் வளர்த்தேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

தாளில் உள்ள அந்த ஒரு பழுது பார்ப்பு இன்னும் நடக்கவில்லை. கடையில் நடந்ததைக் கணக்கில் சேர்க்க முடியாது. கடைக்காரர் வெட்கப்பட்டு, தானே வீட்டுக்கு வந்து செய்து தருவதாகச் சொல்லியிருக்கிறார். திரவ ரப்பர் பூச்சு இரண்டு டப்பா வந்துவிட்டது. முடிவு தெரிந்ததும் எழுதுகிறேன். அதுவரை போன் செய்யாதே, எடுக்க மாட்டேன்.

இரத்த அழுத்த மாத்திரையை ஒருநாளும் விட்டுவிடாதே. அது வேறு விஷயம்.

இப்படிக்கு,
ஆறாத கோபத்தோடு,
உன் அம்மா


புதன்கிழமை

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுவது. இரண்டரை வாரத்தில் பதினொரு முறை கூப்பிட்டிருக்கிறாய். எடுக்க மாட்டேன் என்று எழுதியதில் எந்தச் சொல் உனக்கு விளங்கவில்லை? மருமகள் ஒரு முறை கூப்பிட்டாள், எடுத்தேன். நீ சரியாகச் சாப்பிடுவதில்லையாம். சாப்பிடு. பட்டினி கிடந்தால் என் கோபம் குறையும் என்று கணக்குப் போட்டிருந்தால், அது தப்புக் கணக்கு.

முன்னறையில் இருந்த சாமான்களை எல்லாம் ஒதுக்கிவிட்டுப் படகை ஊதிப் போட்டோம். சுவருக்குச் சுவர் அடைத்துக்கொண்டது. கடைக்காரர் வந்தவுடனே டப்பாவைத் திறந்து, சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பதுபோல ஒரே பட்டையாக அடித்துவிட்டுப் போகப் பார்த்தார். மூடியை மூட வைத்து, டப்பாவில் ஒட்டியிருந்த குறிப்பை இரண்டு முறை உரக்கப் படித்துக் காட்டினேன்.

முதலில் சோப்புத் தண்ணீர். குமிழி வருகிற இடத்தில் எல்லாம் சாக்பீஸால் வட்டம் போட்டேன். ஐந்தாறு இருக்கும் என்றார் அவர். பதினேழு இருந்தன. பழைய ரப்பரைத் தொட்டால் கையில் சாம்பல்போல மாவு ஒட்டியது. அதன் மேல் பூசினால் பூச்சு அந்த மாவைத்தான் பிடித்துக்கொள்ளும், படகைப் பிடிக்காது. அதனால் இரண்டு நாள் உப்புத்தாள் வைத்துத் தேய்த்தோம். "அம்மா, இப்படித் தேச்சா படகு தேஞ்சு கைக்குட்டை ஆயிடும்" என்றார். கைக்குட்டையானால் மடித்துப் பையில் வைத்துக்கொள்கிறேன், நீங்கள் தேயுங்கள் என்றேன். பிறகு தின்னரால் துடைத்து, துணி தெரிந்த இரண்டு இடத்தில் ஒட்டுப் போட்டு, காற்று நிறைந்திருக்கும்போதே முதல் பூச்சு. தொய்ந்த படகில் பூசினால், ஊதும்போது விரிந்து வெடித்துவிடும். மெல்லியதாக மூன்று பூச்சு. ஒவ்வொன்றும் காய்ந்த பிறகு அடுத்தது. கடைசிப் பூச்சுக்குப் பிறகு ஒரு வாரம் தொடாமல் விட்டோம். அந்த வாரம் முழுவதும் சமையலறையில் நின்றுகொண்டே சாப்பிட்டேன். முழங்காலைப் பற்றிக் கேட்காதே.

சாம்பல் எருமை இப்போது கன்னங்கரேல் என்று இருக்கிறது. இத்தனை வருடம் கழித்துப் பெயருக்குப் பொருத்தமாகிவிட்டது.

பூசப் பூச உன்னைத் திட்டிக்கொண்டே இருந்தேன். கடைக்காரர் அதில் பாதி தனக்கென்று நினைத்துத் தலையைக் குனிந்துகொண்டார். நான் திருத்தவில்லை.

நேற்றுக் காலை எட்டு மணிக்குக் காற்றடித்தோம். இன்று காலை எட்டுக்கு அவர் வந்தார். படகின் முன்பக்கக் காற்றறையை அழுத்தினேன், கல். வலது அறை, கல். இடது அறையில் விரல் போயிற்று. துடுப்பு வளையத்துக்கு அடியில் மடிப்புக்குள் ஒரு ஊசித்துளை. வட்டம் போட்டபோது என் கண்ணில் படவில்லை, பூசியபோது தூரிகை எட்டவில்லை.

கடைக்காரர் குனிந்து தானும் ஒரு முறை அழுத்திப் பார்த்தார். பிறகு, "இது போதும்மா. அரை நாள் நின்னாலே கரைக்குப் போயிடலாம். நின்னுடுச்சுன்னு எழுதிடுங்க. உங்க பையன் கேட்டா நானும் அதையே சொல்றேன்" என்றார்.

இந்த மாதத்துக்கு உங்கள் வாயிலிருந்து ஒரு பொய் போதும் என்று சொல்லி, தேநீர் கொடுத்து அனுப்பிவிட்டேன்.

ஆகவே எழுதுகிறேன். விரல் உள்ளே போனது. அளவுகோல் வைத்துப் பார்த்தேன், ஐந்து மில்லிமீட்டர். இன்னொரு பூச்சுப் போட்டால் நின்றுவிடும் என்கிறார். இருக்கலாம். ஒரு முறை என்றுதான் தாளில் இருக்கிறது. நான் தோற்றேன். நீ மூன்று வாரம் பொறுத்திருந்தால் பொய் சொல்லாமலே ஜெயித்திருப்பாய். அதை நினைக்க நினைக்கத்தான் எனக்கு எரிகிறது.

உன்னைப் பொய்யன் என்று எழுதிவிட்டேன். என் பொய்யையும் எழுதினால்தான் சரி. வெள்ளத்தன்று தையல்காரியையும் அவள் பிள்ளைகள் இருவரையும் படகில் ஏற்றிப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தேன், துளிக்கூடப் பயப்படவில்லை என்று உன்னிடம் சொன்னேன். முதல் பாதி உண்மை. தெருமுனையில் தண்ணீர் படகைச் சுழற்றியபோது துடுப்பு என் கையை விட்டுப் போய்விட்டது. தையல்காரிதான் விளக்குக் கம்பத்தைக் கட்டிப் பிடித்துப் படகை நிறுத்தினாள். நான் செய்தது ஒன்றே ஒன்று. உன் பெயரைச் சொல்லிக் கத்தினேன், நீ ஏதோ அடுத்த அறையில் இருப்பதுபோல. இதை அவளும் யாரிடமும் சொன்னதில்லை.

இனி என் நிபந்தனை. வண்டியும் ஆளும் அனுப்பாதே. கதவைத் திறக்க மாட்டேன். கடிதத்திலும் போனிலும் மன்னிப்புக் கேட்காதே. நீ வா. உன் கட்டைவிரலை வைத்து நீயே அழுத்திப் பார். பார்த்துவிட்டு, நிற்கவில்லை அம்மா, என்னோடு வா என்று என் முகத்தைப் பார்த்துச் சொல். அன்றைக்கே கிளம்புகிறேன்.

தினமும் இரவு எட்டு மணிக்குப் படகில் காற்றை நிரப்பி வைக்கிறேன். காலையில் வந்து இறங்கிவிடாதே. அப்போது அது கல் மாதிரிதான் இருக்கும், நான் உன்னை ஏமாற்றியதாக ஆகிவிடும். சாயங்காலம் வா, கிட்டத்தட்ட ஒரு முழு நாள் ஆகியிருக்கும்.

நீயும் மருமகளும் எந்தக் குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். மழைக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது என்கிறார்கள். அதற்குள் வந்துவிடு.

இப்படிக்கு,
உன் அம்மா