இரவுச் சாப்பாடு: அவரவர் வசதி

சிவகாசி,
விளம்பி வருடம் சித்திரை 12

கல்கத்தாவில் இருக்கும் அத்தானுக்கு, பாலம்மாள் வணங்கி எழுதுவது. நானும் பிள்ளையும் மாரியம்மன் புண்ணியத்தில் இருக்கிறோம். உங்கள் சுகத்தை நீங்கள் எழுதித்தான் நான் தெரிந்துகொள்ள வேண்டும் என்றில்லை. இப்போது ஊரே அதை அச்சடித்து வைத்துக்கொண்டு படிக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் நல்ல செய்தி. நம் மகள் சுப்புத்தாயைச் சாத்தூர் நாகையா வீட்டில் அவர் மகனுக்குப் பெண் கேட்டு வந்தார்கள். தீப்பெட்டி ஆபீஸ் வைத்திருக்கிறார்கள். பையன் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேச மாட்டான், ஆனால் கெட்ட பழக்கம் ஒன்றும் இல்லை என்று விசாரித்ததில் தெரிகிறது. பெண்ணுக்கும் சம்மதம்தான். கேட்ட அன்றைக்குக் குழம்பில் இரண்டு தடவை உப்புப் போட்டுவிட்டாள். வைகாசி இருபத்தெட்டில் முகூர்த்தம் வைக்கலாம் என்று பேச்சு.

நாகையா ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "தங்கச்சி, பொண்ணுக்கு அப்பா மணவறைக்கு வந்துருவாகள்ல?" என்றார். வருவாக என்று சொல்லிவிட்டேன். இரண்டு பங்குனிப் பொங்கலாக நீங்கள் வரவில்லை. இந்த வருஷமும் விருதுநகரில் நான் தனியாகத்தான் அக்கினிச்சட்டி எடுத்தேன். கேட்டால் சீசன், பட்டாசு ஆர்டர், லோடு என்று எழுதுகிறீர்கள். உங்களோடு ஆர்டர் பிடிக்கிறவர்கள் எல்லாரும் பொங்கலுக்கு ஊரில்தான் இருந்தார்கள். நான் என்ன கண்ணில்லாதவளா?

இனி அந்த நோட்டீஸ் கதை. உங்கள் முதலாளியின் மருமகன் காளிராஜ் முதல் தடவையாகக் கல்கத்தா வருகிறான் அல்லவா? எங்கெங்கே சாப்பிடலாம் என்று அவன் கேட்டதற்கு நீங்கள் ஒரு தாள் எழுதி அனுப்பியிருக்கிறீர்கள். கவரைப் பிரித்தது முதலாளி. முன்பக்கத்தைப் படித்ததும் அவருக்கு ஒரே சந்தோஷம். "கல்கத்தா போற நம்ம ஆளுக அம்புட்டுப் பேருக்கும் ஆகுமே" என்று தாளை அப்படியே பிரஸ்ஸுக்குக் கொடுத்துவிட்டார். இந்த ஊரில்தான் தும்மினாலும் அச்சடித்து விடுவார்களே! நிறம் ஒட்டாமல் கெட்டுப்போன குருவி வெடி லேபிளுக்குப் பின்புறத்தில் முந்நூறு பிரதி அடித்து, உறவின்முறை மண்டபத்தில் வருகிறவர் போகிறவருக்கெல்லாம் கொடுத்தார்கள்.

அச்சுக் கோத்தவன் வேறு யார், என் தம்பி சங்கரபாண்டியன்தான். இந்தியிலும் வங்காளத்திலும் லேபிள் கோத்துக் கோத்து, எழுத்தைப் பார்த்தால் போதும், படிக்க வேண்டாம் என்று பழகிப்போன கை. முன்பக்கம் முடிந்ததும் தாளைத் திருப்பி மறுபக்கத்தையும் கோத்துவிட்டான். "இது காளிராஜுக்கு மட்டும், மாமா கண்ணில் காட்டாதே" என்று நீங்கள் எழுதிக் கோடு போட்டிருந்தீர்களே, கோடு போட்டதெல்லாம் தலைப்பு என்று அதைக் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறான் பாவி.

முன்பக்கம் நன்றாகத்தான் இருந்தது. லேக் மார்க்கெட் பாலக்காட்டு மெஸ்ஸில் ஆறு மணிக்கே இட்லி, சாம்பார் மட்டும் இனிக்கும். படா பஜார் மார்வாடி கடையில் வெங்காயம் கிடையாது, நெய்க்குக் குறைவில்லை, கையை நீட்டி மறைத்தால்தான் ஊற்றுவதை நிறுத்துவான். தர்மதலாவில் பிரியாணிக்குள் முழு உருளைக்கிழங்கு கிடக்கும், பயப்படாமல் சாப்பிடு. இதெல்லாம் படித்தபோது எனக்கே அந்த ஊருக்கு வர ஆசையாக இருந்தது. மறுபக்கம்தான் மானத்தை வாங்கியது. சௌரங்கி சந்தில் இரண்டு பார். ஒன்றில் மாடியில் விசிறிக்குக் கீழே உட்கார வேண்டுமாம், ஐஸ் வேண்டாம் என்று சொல்ல வேண்டுமாம். இன்னொன்றில் கவுன் போட்ட அம்மாள் பாடுவாளாம், மொத்த வியாபாரியை அங்கே கூட்டிப் போனால் ஆர்டர் இரட்டிப்பாகுமாம்.

மதுவிலக்கு இருக்கிற ஊரில் இப்படி ஒரு நோட்டீஸ்! ஆம்பிளைகள் ஆளுக்கு இரண்டு பிரதியாக வாங்கிக்கொண்டு போனார்கள். முதலாளி தலையில் அடித்துக்கொண்டு, மிச்சம் இருந்ததை அடுப்பில் போடச் சொன்னார். குழாயடியில் வெள்ளைத்தாய், தனக்குப் படிக்கத் தெரியாது என்று என்னையே சத்தமாகப் படிக்கச் சொன்னாள். படித்தேன். அடியில் உங்கள் பெயர் போட்டிருந்தது, அங்கே நிறுத்திவிட்டேன். "கவுன்காரி வரைக்கும் கணீர்னு படிச்சிட்டுப் பேரை மட்டும் முழுங்கிட்டியே" என்று அவள் சொல்ல, குழாயடியே சிரித்தது. நானும் சிரித்து வைத்தேன். வேறு என்ன செய்ய?

நாகையா கையிலும் ஒரு பிரதி. மறுபடி வந்தார். "சம்பந்தி வழிகாட்டுற ஊருக்கு நானும் ஒருக்க போகணும்" என்று கேலி பேசினார். அதற்குப் பிறகு, பெண்ணின் அப்பா வந்து நிற்காத மணவறைக்குத் தன் ஆட்கள் சம்மதிக்க மாட்டார்கள் என்றார். இதைச் சிரிக்காமல் சொன்னார்.

குடித்ததற்கு எனக்குக் கோபம் இல்லாமல் இல்லை. வியாபாரம் என்பீர்கள், போகட்டும். முன்பக்கத்தின் கடைசி வரியை ஊரில் ஒருவரும் கவனிக்கவில்லை. காலைக்கு நாலு கடை, மதியத்துக்கு ஐந்து கடை எழுதிவிட்டு, "இரவுச் சாப்பாடு: அவரவர் வசதி" என்று முடித்திருக்கிறீர்கள். அந்த வரியில்தான் என் உயிர் நின்றது. ஐந்து வருஷமாக அந்த ஊரைச் சுற்றுகிற உங்களுக்கு ராத்திரி சாப்பிட ஒரு கடைகூடத் தெரியாதா? ஒரு நாள் சோறு தாமதமானால் வீட்டை இரண்டாக்குகிற மனிதர் நீங்கள்.

பட்டினி கிடக்கிறீர்கள் என்றால் எனக்கு ஒரு வருத்தம். யாரோ இலை போட்டுக் காத்திருக்கிறார்கள் என்றால் வேறு வருத்தம். எந்த வருத்தத்தை நான் படவேண்டும் என்றாவது சொல்லுங்கள். தம்பி போன கார்த்திகையில் அங்கே வந்து உங்களைப் பார்த்தவன்தானே, ராத்திரி நீங்கள் எங்கே சாப்பிடுகிறீர்கள் என்று அவனிடம் கேட்டேன். "உனக்கு எதுக்குக்கா அதெல்லாம்" என்றான். என் முகத்தைப் பார்க்கவில்லை.

நான் பேர் கேட்கவில்லை, ஊர் கேட்கவில்லை. வயிறு எரிகிறது, அதை ஒளிப்பானேன்? நாலு நாளாக இந்தக் கடுதாசியை எழுதிக் கிழித்து எழுதுகிறேன். எப்படியாவது வைகாசி இருபதுக்குள் வந்து சேருங்கள். மணவறையில் நம் பிள்ளை கையைப் பிடித்துக் கொடுத்துவிட்டு, மறுநாளே கிளம்புவதானாலும் நான் பெட்டியைப் பிடித்து இழுக்க மாட்டேன். சுப்புத்தாய்க்கு அந்த இரவுச் சாப்பாட்டு வரியைப் பற்றி ஒன்றும் தெரியாது. தெரியவும் வேண்டாம்.

இன்னும் ஒன்று. மழை நாளில் ராத்திரி தயிர் ஊற்றினால் உங்களுக்கு விடிய விடிய இளைப்பு வாங்கும். நீங்களாகச் சொல்ல மாட்டீர்கள், கேட்டு வாங்கியும் சாப்பிடுவீர்கள். பரிமாறுகிறவர்களுக்கு இது தெரிந்திருக்க நியாயமில்லை. சொல்லி வையுங்கள்.

மாரியம்மன் உங்களைக் காப்பாற்றட்டும். உங்களுக்குச் சோறு போடுகிற கையையும் காப்பாற்றட்டும்.

வழி பார்த்திருக்கும்,
பாலம்மாள்