தலைச்சுமை என்று சொன்னேன்

திங்கள், ஐப்பசி 6

அம்முக்குட்டி, காலையிலிருந்து தூறல். இடது கை இன்றும் தோளுக்கு மேல் எழவில்லை. கொண்டை போட முடியாமல், முடியைச் சும்மா முடிந்துகொண்டு ரேசன் கடைக்குப் போனேன். களையெடுக்க யாரும் கூப்பிடுவதில்லை.

அண்ணன் வந்தார். "நாளிக்கு கள்ளக்குறிச்சி போறோம். கையாலயே அமுக்கிப் பாக்குற டாக்டரம்மா வந்துகிறாங்களாம். ஊசி கெடையாது."

"அமுக்கறதுக்கு இன்னாத்துக்கு அம்மாந்தூரம்? நான் அமுக்க மாட்டனா?" இது அண்ணி.

"நீ அமுக்கினா கழுத்தத்தான் அமுக்குவ."

சிரித்துவிட்டேன். நீ போனபிறகு முதல் தடவை. உடனே வாயை மூடிக்கொண்டேன்.

எடுத்துவைக்க: பழைய மருந்துச் சீட்டு, தளர்ந்த ரவிக்கை, தண்ணீர்.

செவ்வாய்

வெயில். முதல் பஸ். எலும்பை முறித்துப் பூட்டுவார்கள் என்று பக்கத்தில் உட்கார்ந்தவள் சொன்னாள்.  ஆஸ்பத்திரி போர்டை எழுத்துக் கூட்டிப் படித்தேன்: ஆஸ்டியோபதி. கையால் பார்க்கிற வைத்தியத்துக்கு அதுதான் பேராம்.

டாக்டர் சின்னப் பெண். உன்னைவிட நாலைந்து வயது கூட இருக்கும். முதலில் கையே வைக்கவில்லை. வெறும் கேள்வி. எப்போதிலிருந்து வலி, எந்தப் பக்கம் படுப்பேன், என்ன வேலை, எங்கேயாவது விழுந்தேனா.

"எதனாலம்மா வந்துச்சு?"

"வெறகு தூக்கினேங்க."

அண்ணன் தரையைப் பார்த்தார்.

பிறகு நிற்க, குனிய, திரும்பச் சொன்னாள். குப்புறப் படுக்கவைத்துத் துணி போர்த்தினாள். வலி தோளில், இவள் முதுகு, விலா எல்லாம் தொட்டாள். ஒவ்வொரு தடவையும், "இங்க அமுக்கட்டுமா?" கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் வந்து கை நின்றுவிட்டது.

"வெறகு தலையிலதான தூக்குவீங்க?"

"ஆமாங்க."

"இது தோள்ல பாரம் உக்காந்த எடம் மாதிரி இருக்கு. மறைக்காதீங்கம்மா. தெரிஞ்சாதான் சரியா பாக்க முடியும்."

சொன்னேன். ஆடியில் நீ காய்ச்சலில் எழ முடியாமல் கிடந்தது. அண்ணனைத் தவிர ஆண்கள் எல்லாரும் வேலைக்குக் கேரளா போயிருந்தது. போர்வையை மூங்கிலில் கட்டி, டோலியில் உன்னைப் போட்டு, முன்னால் அண்ணன், பின்னால் நான், வேன் நிற்கிற ரோடு வரை. வேனில் ஏற்றிய பிறகு நீ கண்ணைத் திறக்கவே இல்லை. டோலிக்குப் பெண் தோள் கொடுப்பது எங்கள் பக்கம் ஆகாது. அதனால்தான் விறகு என்று சொன்னேன்.

டாக்டர் கையை எடுக்கவில்லை.

"நீங்க தூக்கலன்னா வேற யாரும்மா தூக்கியிருப்பாங்க?"



மெதுவாகக் கையைச் சுற்றினாள். ஓரிடத்தில் சொடக்கு விட்டது. வலிக்கவில்லை. அழுகைதான் வந்தது.

சொல்லி அனுப்பியது: ரெண்டு நாள் வலி ஜாஸ்தியாகும், பயப்படக் கூடாது. சுமை தூக்கக் கூடாது. விரல் மரத்துப்போனால் உடனே வரணும். இல்லாவிட்டால் அடுத்த செவ்வாய்.

புதன்

மூட்டம். அடித்துப்போட்ட மாதிரி உடம்பு. கஞ்சி மட்டும்.

அண்ணி எட்டிப் பார்த்தாள். "போயி அமுக்கினு வந்தியே, இன்னா ஆச்சு? அன்னிக்கே அந்தக் கம்புல தோள வெக்காம இருந்திருந்தா கையும் நல்லா இருந்திருக்கும், நீ பெத்த புள்ளயும்..."

"நான் ஒருத்தனே தூக்கினு வந்திருப்பனா?" என்றார் அண்ணன். "இனிமே அந்தப் பேச்சு இந்த வூட்ல வேணாம்."

மூன்று மாதத்தில் இப்போதுதான் அதைப் பற்றி அவர் வாயைத் திறந்தார். அண்ணி கோழியை விரட்டிக்கொண்டே போய்விட்டாள்.

வியாழன்

வலி கம்மி. தண்ணீர் நிறையக் குடித்தேன். துணி துவைக்கவில்லை.

வெள்ளி

நல்ல வெயில். கை காதுக்கு மேல் எழுந்தது. கொண்டை போட்டேன். போட்டுவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

வலி இருந்தவரை நான் இன்னும் அந்தப் பாதையில் உன்னைத் தூக்கிக்கொண்டு நடக்கிற மாதிரி இருந்தது. இப்போது தோள் வெறுமனே கிடக்கிறது. செவ்வாய் போகவா வேண்டாமா தெரியவில்லை. போகாவிட்டால் அண்ணன் விடமாட்டார்.

ஓடை தாண்டி வளைவில் தோள் தாங்காமல் உன்னை இறக்கி வைத்தோமே. "நில்லுண்ணா, கை மரத்துப்போச்சு" என்று நான் கத்திக்கொண்டிருந்தேன். அப்போது உன் வாய் அசைந்தது. குனிந்து கேட்கவில்லை. ரோட்டுக்குப் போய்க் கேட்டுக்கொள்ளலாம் என்று தூக்கிவிட்டேன்.

அந்த டாக்டர் பெண் என்னென்னவோ கேட்டாள். இதைக் கேட்கவில்லை.

அம்மு, அந்த வளைவில் என்ன சொன்னாய்?