சாலைப் பக்கக் கதவு

அன்புள்ள மகனுக்கு, அம்மா எழுதிக்கொள்வது.

எல்லோரும் நலம் என்று தொடங்கத்தான் ஆசை. என் முழங்கால் வலி தேவலை. அப்பாதான் சரியாக இல்லை. போனில் நீ வழக்கைப் பற்றியே பேசிவிட்டு வைத்துவிடுகிறாய். நடந்ததை முழுசாகச் சொல்ல எனக்கு வழியே இல்லை, அதனால்தான் கடிதம்.

அன்று அப்பா மருந்துக்கடை முன்னால் காரை ஓரம்கட்டினார். நான் பக்கத்தில் இருந்தேன். இன்ஜினை அணைத்த கையோடு கதவைத் தள்ளினார். சைக்கிளில் வந்த பெண் அதில் மோதி ரோட்டில் விழுந்தாள். தையல்கடையில் துணி வெட்டுகிறவள். தோள்பட்டை எலும்பு முறிந்து, இப்போது வலது கையைத் தூக்க முடியவில்லை.

ஊரில் பாதிப் பேருக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் எப்படிப் பார்க்காமல் திறந்தார் என்று கேட்டாய். அவர் எங்கே தானே வண்டி ஓட்டுகிறார்? காய்கறி வாங்கப் போவதைக்கூட மாணவர்களுக்குப் பாடமாக்கிவிடுவார். அவர்கள் ஓட்ட, இவர் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து மிரட்டுவார். அந்தக் கதவு நடைபாதைப் பக்கம் திறக்கும். பார்க்காமல் திறந்தாலும் ஒன்றும் ஆகாது. கைக்கு அதுவே பழகிவிட்டது. அன்று மாணவர் யாரும் வராததால் அவரே ஓட்டினார்; ஓட்டுகிறவர் பக்கத்துக் கதவோ சாலைப் பக்கம் திறக்கும்.

நின்ற வண்டியில் அவள்தானே வந்து மோதினாள் என்கிறாய். விசாரணை அதிகாரியிடம் நானும் அதையே கேட்டு மூக்குடைபட்டேன். "நிக்கிற வண்டின்னாலும் கதவைத் திறக்கிறவங்கதாம்மா பின்னால பார்க்கணும். பொறுப்பு அவங்களோடது" என்று சொல்லிவிட்டார். அவள் கண்மண் தெரியாமல் வந்தாள் என்று நிரூபித்தால்தான் பொறுப்பில் பாதி அவள் தலையில் விழுமாம். அவளுக்குக் கிடைக்கும் நஷ்டஈடும் அந்த அளவுக்குக் குறையும். அப்பாவின் பயிற்சி உரிமம் ஒருவேளை தப்பும்.

அதற்குத்தான், அப்பா கண்ணாடியில் பின்னால் பார்த்துவிட்டே திறந்தார், அவள்தான் வேகமாக வந்தாள் என்று என்னைச் சாட்சி சொல்லச் சொல்லுகிறாய். உன் பயம் எனக்குப் புரிகிறது. தொழில் போனால் மனிதர் இடிந்துபோவார்.

ஆனால் அவள் நிதானமாகத்தான் வந்தாள். ஆஸ்பத்திரிக்குப் போனோம். அந்தப் பெண்ணே, "நான் இன்னும் கொஞ்சம் தள்ளி வந்திருக்கலாமோ சார்" என்று அப்பாவிடம் கேட்டாள். "நீ சரியாத்தாம்மா வந்தே. நான்தான் பார்க்கல" என்று சொல்லிவிட்டு, அத்தனை பேர் முன்னால் அழுதுவிட்டார். அதற்குமுன் அவர் அழுது நான் பார்த்ததே இல்லை.

வியாழக்கிழமை விசாரணை. அவர் பார்க்கவில்லை என்றுதான் நான் சொல்லப்போகிறேன். அவரும் அதையே சொல்லுவார். என்மேல் கோபம் வந்தால் வரட்டும், நீ என் பிள்ளைதானே, எவ்வளவு நாளைக்குக் கோபித்துக்கொள்வாய்.

இப்போதெல்லாம் உன் போன் அடித்தால் குளியலறைக்குள் போய்த் தாழ்போட்டுக்கொள்கிறார். பெற்ற பிள்ளையிடம் தப்பு என்னுடையதுதான் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. வியாழக்கிழமைக்குள் ஒருமுறை கூப்பிடு, நான் பிடித்து இழுத்துவந்து பேசவைக்கிறேன். சட்டம் பேசாதே. "விசாரணைக்கு நானும் வந்து உங்க பக்கத்துல உக்காரட்டுமாப்பா" என்று மட்டும் கேள். அவ்வளவு தூரத்திலிருந்து உன்னால் வர முடியாது என்று அவருக்கும் தெரியும். இருந்தாலும் கேள்.

உடம்பைப் பார்த்துக்கொள். நன்றாக இரு.

உன்
அம்மா