ஒரே கையெழுத்தில் இரண்டு சீட்டுகள்

மே 7, புதன்

போவன்பள்ளிச் சந்தையில் தக்காளி வாங்கிக்கொண்டு திரும்பினால் வீட்டில் சண்டை. பிளஸ்ஸனுக்கு அடுத்த வாரம் நேர்முகத் தேர்வு. புது அனல் மின் நிலையம், நிலக்கரி கையாளும் பிரிவு. ஐடி வேலை போய் எட்டு மாதமாகப் பிள்ளை சும்மா இருக்கிறான். அவன் அப்பா இருபத்தொன்பது வருடம் உழைத்ததும் இன்னொரு நிலையத்தில் அதே பிரிவில்தான்.

"ஏட்டி, நம்ம வீட்டுச் சோறே கரி போட்ட சோறு. இந்த மெஷின் ஓடுறதும் கரியிலதான்" என்கிறார், மூக்கில் ஆக்ஸிஜன் குழாயோடு.

"கரி இல்லன்னா உங்களுக்கு இந்த மெஷினே தேவைப்பட்டிருக்காது டாடி" என்றாள் மூத்தவள் அபிகாயில்.

இரண்டு பேர் சொல்வதும் சரியாகத்தான் படுகிறது. எனக்கு என்ன கேடு?

மே 9, வெள்ளி

மத்தியானம் ஒன்றரை மணி நேரம் கரண்ட் இல்லை. இன்வெர்ட்டர் ஒரு மணி நேரத்தில் கைவிட்டது. அவசரத்துக்கு வைத்திருந்த சிலிண்டரைத் திறந்தேன். அபி கரண்ட் ஆபீசுக்கு மூன்றாவது தடவை போன் போட்டு, சீக்கிரம் வரச் சொல்லி இந்தியில் கத்தினாள். "பையா, ஆக்ஸிஜன் பேஷண்ட் ஹை, ஜல்தி!"

இவருக்குச் சிரிப்பு. "உனக்கு எந்தக் கரண்டு வேணும்ட்டி, கரியா, வெயிலா?"

"ஏதோ ஒண்ணு வரட்டும்" என்றவள் அழுதுவிட்டாள். கரண்ட் வந்ததும் இருவரும் சண்டையை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்கள்.

மே 10, சனி

நாளைய ஆராதனைக்கு ஜெப விண்ணப்பச் சீட்டு. இவருக்குக் கை நடுங்கும். அபிக்குத் தமிழ் பேச வரும், எழுத வராது. ஆக, இரண்டு பேருக்கும் நான்தான் குமாஸ்தா. இவர் சொன்னது: பிளஸ்ஸனுக்கு அந்த வேலை கிடைக்க. அபி அடுக்களைக்கு வந்து காதோடு சொன்னது: கிடைக்காமல் இருக்க.

எழுதிக் கொடுத்தேன். வேறென்ன செய்ய?

மே 11, ஞாயிறு

மானம் போயிற்று. பாஸ்டர் இரண்டையும் அடுத்தடுத்து வாசித்தார். வேலை கிடைக்க — ஆமென். கிடைக்காதிருக்க — அதற்கும் சபை முழுக்க ஆமென்! நானும் இரண்டுக்கும் சொன்னேன், சத்தமாகவே.

வாசலில் பாஸ்டர் என்னைப் பிடித்துக்கொண்டார். "ஜெயாக்கா, ரெண்டும் உங்க எழுத்தாச்சே. நான் எதுக்கு ஜெபிக்க?"

தெரிந்தால் சொல்லமாட்டேனா?

வழியில் பிளஸ்ஸன் கேட்டான். "உங்க சீட்டு எங்க மம்மி?" நான் எனக்கென்று எதுவும் எழுதவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

மே 20, செவ்வாய்

வேலை கிடைத்துவிட்டது. 26-ஆம் தேதி சேர வேண்டும். சந்தோஷமா? ஆமாம். பயமா? அதுவும்தான்.

மே 24, சனி

குளித்துவிட்டு வந்தால் கட்டில் காலி. குழாய் தலையணையில் கிடக்கிறது, மெஷின் மட்டும் ஓடுகிறது. வெளியே ஓடினேன். லிஃப்ட் பக்கத்தில் சுவரைப் பிடித்தபடி நிற்கிறார், உதடெல்லாம் நீலம். தெருமுனை மருந்துக் கடை வரை போயிருக்கிறார். கையில் ஒரு பெட்டி முகக்கவசம், தூசி உள்ளே போகாத வகை.

"எதுக்கு இந்த வேலை? எங்கிட்ட சொன்னா நான் வாங்க மாட்டனா?" கத்திவிட்டேன்.

மூச்சு திரும்ப வெகுநேரம் ஆனது. "நான் ஒருநாளும்... போட்டதில்ல ஜெயா. அவன்ட்ட சொல்லாத. அவன் பையில வச்சிரு."

அபிதான் பெட்டியை அவர் கையிலிருந்து வாங்கித் தம்பியின் பைக்குள் வைத்தாள்.

மே 25, ஞாயிறு

இந்த வாரம் ஒரே சீட்டு, என்னுடையது. "பிளஸ்ஸன் எந்நாளும் நன்றாக மூச்சுவிட." கோயிலுக்குக் கிளம்பும் முன் இவருக்கும் அபிக்கும் வாசித்துக் காட்டினேன். யாரும் திருத்தவில்லை.