உங்கள் வகுப்பைப் பற்றி அவர்கள் எழுதியவை

என் பிரியமான அப்பா,

இன்று உங்கள் கல்லூரியில் நடந்ததை உள்ளபடியே எழுதப் போகிறேன். எதையும் அழகாக்க மாட்டேன். பார்த்ததை முதலில் எழுது, நினைத்ததை அப்புறம் எழுது என்று நீங்கள் சொல்வீர்கள். நினைத்தது என்று எனக்குள் இப்போது பெரிதாக எதுவும் இல்லை. அதனால் எழுதுவது சுலபமாகத்தான் இருக்கும்.

உங்கள் நினைவுக் கூட்டம் முடிந்துவிட்டது. கல்லூரி அரங்கில் முதல் வரிசையில் உட்கார்ந்திருக்கிறேன். அம்மா ஏதோ காகிதங்களில் கையெழுத்துப் போட ஆபீஸ் அறைக்குப் போயிருக்கிறார். மேடையில் உங்கள் படம் இருக்கிறது. அடையாள அட்டைக்கு எடுத்ததைப் பெரிதாக்கியிருக்கிறார்கள். படம் எடுப்பவரிடம் "முடிஞ்சுதா?" என்று கேட்பதுபோல் பார்க்கிறீர்கள்.

இந்தக் கடிதத்தை எங்கள் பள்ளி மலரில் போடுவதாகத் தமிழ் டீச்சர் சொல்லியிருக்கிறார். அதனால் உங்களுக்குத் தெரிந்ததையும் சில இடங்களில் நான் சொல்ல வேண்டியிருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் ‘சமயங்கள்: ஓர் அறிமுகம்’ என்ற பாடம் எடுத்தீர்கள். இரண்டாம் ஆண்டில் விருப்பப்பட்டவர்கள் எடுக்கும் பாடம். பரீட்சைக்கு லேசு என்று நம்பி வருவார்கள், வந்த பிறகு தெரிந்துகொள்வார்கள். ஒவ்வொரு பருவத்தின் நடுவிலும் மாணவர்கள் தங்கள் போனில் ஆசிரியரைப் பற்றிக் கருத்து எழுத வேண்டும். யார் எழுதியது என்று ஆசிரியருக்கு வராது, எழுதியது மட்டும் வரும். அதை நீங்கள் சாப்பிடும்போது நான் சத்தமாக வாசிப்பேன். "நானே படிச்சா நல்லதை மட்டும் படிச்சிருவேன். நீ வாசி, எல்லாம் காதுல விழட்டும்" என்பீர்கள்.

உங்கள் கடைசி வெள்ளிக்கிழமையும் அப்படித்தான் வாசித்தேன்.

"சார் எந்தச் சாமி கும்பிடுவாருன்னு இதுவரைக்கும் சொல்லவே இல்ல." இதற்குச் சிரித்தீர்கள்.

"பைபிள்ல கேட்டாலும் மார்க் குறைக்காரு, குர்ஆன்ல கேட்டாலும் குறைக்காரு, கீதையில கேட்டாலும் குறைக்காரு. அந்த வகையில எல்லா மதமும் ஒண்ணுதான்." இதற்கு உங்களுக்குப் புரையேறியது. அம்மா வந்து தலையில் தட்டினார்.

"வலது பக்கத்து ஃபேன் ஓடல."

"யோசிக்கிற மாதிரி இருக்கு. பரீட்சைக்கு என்ன செய்யன்னு தெரியல."

அதே வேகத்தில், அதே குரலில் அடுத்ததையும் வாசித்துவிட்டேன். "எங்க அக்காவ போர்டுல எழுதி, பெல் அடிச்சதும் அழிச்சிட்டாங்க."

நீங்கள் திரும்ப வாசிக்கச் சொன்னீர்கள். வாசித்தேன். தட்டிலேயே கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தீர்கள்.

பிறகு எனக்கு விளக்கினீர்கள். வீட்டில் கும்பிடும் சாமியைப் பற்றி ஒரு பக்கம் எழுதி வரச் சொல்லியிருந்தீர்கள். ஒரு மாணவி, கல்யாணமாகாமல் இறந்துபோன தன் அக்காவைத்தான் வீட்டில் கும்பிடுகிறோம் என்று எழுதியிருந்தாள். இறந்த பெண்ணுக்கு வருஷத்துக்கு ஒருமுறை புதுத்துணி எடுத்துப் பெட்டியில் வைத்துப் பொங்கலிடுவது நம் பக்கத்தில் எத்தனையோ வீடுகளில் உண்டு. எல்லா வீட்டிலும் பாவாடை சட்டை வைப்பார்கள். இவள் வீட்டில் சுடிதார்; அம்மாவின் கனவில் வந்து அக்காவே கேட்டதாக எழுதியிருந்தாள். அது உங்களுக்குப் பிடித்துப்போனது. இறந்தவர் எப்படிச் சாமியாகிறார் என்ற பாடத்துக்கு அதையே உதாரணமாக எடுத்தீர்கள். வெடிவிபத்து, கனவு, சாமி என்று போர்டில் மூன்று சொற்கள், நடுவில் அம்புக்குறிகள். "சுடிதார் கேட்ட சாமி" என்றீர்களாம். வகுப்பு சிரித்ததாம்.

"பேரச் சொல்லலம்மா. பேரச் சொல்லாம விட்டாப் போதும்னு நெனச்சேன். அவ ஊர்ப் பிள்ளைக எல்லாம் ஒரே பஸ்ல வருது. யாருன்னு தெரியாமலா இருக்கும்?" என்றீர்கள். அப்புறம், "திங்கக்கிழமை வகுப்புல அவகிட்ட மன்னிப்பு கேட்கணும். எல்லாரு முன்னாடியும் எழுதி அழிச்சேன். எல்லாரு முன்னாடியும்தான் கேட்கணும்."

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுப் படுத்தீர்கள். எழுந்திருக்கவில்லை.

அந்த மன்னிப்பு யாரும் கேட்காமல் கிடந்தது. எல்லாரும் அழுத நாட்களில் நான் அதைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். எனக்கு அழுகை வரவில்லை, அப்பா. சோறு சோறாகவே இருக்கிறது, பள்ளிக்கூட பஸ் அதே இடத்தில்தான் நிற்கிறது. ஆனால் அந்த ஒரு வேலை மட்டும் முடிக்காமல் இருப்பது தெரிந்தது. மாணவர்கள் உங்களைப் பற்றி எழுதியதை மகளே மேடையில் வாசிக்கட்டும் என்று கல்லூரியிலிருந்து கேட்டபோது உடனே சரி என்றேன். அந்த வரியையும் வாசித்து, உங்களுக்குப் பதிலாக எல்லார் முன்னாலும் நானே மன்னிப்புக் கேட்டுவிடுவது என்று முடிவு செய்தேன்.

இங்கே வரும் வழியில், ஆமத்தூர் தாண்டும்வரை பஸ்ஸில் அதையே மனப்பாடம் செய்துகொண்டு வந்தேன்.

உங்கள் துறைத்தலைவர் சார் நாலைந்து வரிகள் தட்டச்சு செய்த தாளைக் கொடுத்தார். எல்லாம் புகழ்ச்சி. "பாப்பா, இத மட்டும் வாசி, போதும். நிர்வாகத்துல இருந்து வந்திருக்காக. அடுத்த வருஷமும் இந்தப் பாடம் இருக்கணும்லா?" என்றார். தலையை ஆட்டினேன். சரி என்று சொல்லவில்லை.

அந்த மாணவி வாசலோரம் உட்காரும் பிள்ளை, லீவு விட்டால் பட்டாசுக் கம்பெனிக்குப் போவாள் என்று நீங்கள் அடையாளம் சொல்லியிருந்தீர்கள். பேரும் சொல்லியிருந்தீர்கள். விசாரித்துப் போனேன். தண்ணீர்க் குழாயடியில் ஒரு தோழியோடு நின்று கை கழுவிக்கொண்டிருந்தாள். நக இடுக்கில் வெள்ளி நிறத் தூள் இருந்தது. அவளை மாரீஸ்வரி என்று எழுதுகிறேன். அது அவள் பேர் இல்லை, எழுதுவதற்கு அவளே எடுத்துக்கொண்ட பேர்.

"அக்கா, நான் சாரோட மக."

"மூஞ்சியப் பாத்தாலே தெரியுதே. என்னப் போயி அக்காங்கியே. எங்க வீட்டுல நான்தான் கடைசி. சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன். நீங்க எழுதுனத நான்தான் அப்பாவுக்கு வாசிச்சேன். போர்டு பத்தி எழுதுனத."

அவள் குழாயை மூடினாள். "பேரு வராதுன்னு சொன்னாகளே."

"பேரு வரல. அப்பாவுக்குத் தெரிஞ்சிருச்சு."

"திட்டுனாகளா?"

"இல்ல. அதுக்கப்புறம் சாப்பிடல. திங்கக்கிழமை வகுப்புல உங்ககிட்ட மன்னிப்பு கேட்கப்போறேன்னு சொன்னாங்க."

அவள் ஈரக் கையை உதறினாள். "அன்னைக்கு நான் வந்திருக்கவே மாட்டேன். தீவாளிச் சீசனு. லோடு போகுதுன்னு அம்மாகூட பேக்கிங்குக்குப் போயிட்டேன்" என்றாள்.

நான் மேடையில் செய்யப்போவதைச் சொன்னேன். பக்கத்தில் நின்ற தோழிதான் முதலில் வாயைத் திறந்தாள். "ஏத்தா, இது யாருடி, சாரவிடப் பெரிய சாரா இருக்கு!"

மாரீஸ்வரி சிரிக்கவில்லை. "சார் போர்டுல எழுதுனாக, நீ மைக்குல சொல்லப் போற. மறுபடியும் எல்லாரும் திரும்பி என்னயத்தான் பாப்பாக. என்ன வித்தியாசம், சொல்லு?"

கையிலிருந்த தாளை மடித்தேன்.

"அதுவும்போக, அது வெடியே இல்ல" என்றாள்.

அப்பா, இதைத்தான் உங்களிடம் சொல்ல வேண்டும். அது வெடி இல்லை. அவள் அக்கா மஞ்சள் காமாலையில் இறந்தார். ஆஸ்பத்திரியில், கட்டிலில்.

"கம்பெனிக்குப் போனான்னு ஒரு வரி எழுதுனேன். செத்துட்டான்னு ஒரு வரி எழுதுனேன். சார் ரெண்டையும் சேத்துட்டாக" என்றாள். "சிவகாசிப் பக்கம்னு சொன்னாலே எல்லாரும் சேத்துருவாக. வெளியூர்க்காரங்க சேத்தா சரி. சாரு விருதுநகருதான, இவுகளுமா?"

"அப்பவே வகுப்புல சொல்லியிருக்கலாமேக்கா?"

"என்னன்னு? எங்க அக்கா வெடியில சாகல சார், காமாலையில செத்தான்னு எந்திரிச்சு நிக்கவா? எல்லாரும் சுடிதாருக்குச் சிரிச்சுக்கிட்டு இருக்காக."

சுடிதார் பற்றியும் சொன்னாள். அக்கா தன் சம்பளத்தில் துணி எடுத்துத் தீபாவளிக்குத் தைக்கக் கொடுத்திருந்தாராம். அவர் போன பிறகு தையல்காரர் அதைக் கொண்டுவந்து வீட்டில் கொடுத்தார். "அத யாரு உடுத்த? எனக்கு அப்பம் அது பெருசு. பெட்டியில வச்சோம், அம்புட்டுத்தான். கனவும் அம்மாவுக்கு வந்துச்சு, இல்லங்கல. ஆனா முதல்ல வந்தது தையல்காரருதான்."

உங்கள் அம்புக்குறிகளை நினைத்துப் பார்த்தேன். எங்கே தொடங்கி எப்படிப் போட்டிருந்தால் சரியாக இருந்திருக்கும்? அல்லது போட்டதே தப்பா? நீங்கள் இருந்தால் கேட்டிருப்பேன். நீங்களும் பதில் தெரியாமல் கன்னத்தைச் சொறிந்திருப்பீர்கள்.

"அப்போ நான் வாசிக்கல" என்றேன்.

"வாசிக்காத. எங்கயாவது எழுதுனா எழுதிக்கோ. எங்க காலேஜ் புக்குல வேண்டாம், ஊரு பேரு வேண்டாம். வெடி இல்லங்கறத மட்டும் எழுது." அவள் அக்காவின் பேரை என்னிடம் சொன்னாள். அதை மட்டும் இங்கே எழுதவில்லை.

நான் நகரும்போது தோழி கூப்பிட்டாள். "ஏ பாப்பா, அந்த ஃபேன் பத்தி எழுதுனது நான்தான். அதையாவது வாசி. சேந்த நாள்ல இருந்து அப்படியே நிக்கி."

கூட்டத்தில் நிறையப் பேர் பேசினார்கள். நீங்கள் உழைத்து உழைத்தே உயிரை விட்டதாக நிர்வாகத்திலிருந்து வந்தவர் சொன்னார். இரவெல்லாம் கண்விழித்துப் படித்ததால் இதயம் தாங்கவில்லை என்றார் இன்னொருவர். பின்வரிசையில் யாரோ "சுகர் இருந்திருக்கும்" என்று மெதுவாகச் சொன்னது எனக்குக் கேட்டது. நீங்கள் படுத்ததும் குறட்டைவிடும் ஆள். சுகரும் இல்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை கோழிக்குழம்பு நன்றாக இருக்கிறதென்று இரண்டாவது தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டீர்கள். எழுந்து நின்று சொல்லலாமா என்று தோன்றியது. அம்மாவைப் பார்த்தேன். அம்மா தன் கைக்குட்டையை மடித்துப் பிரித்து மடித்துக்கொண்டிருந்தார். நானும் உட்கார்ந்தே இருந்தேன்.

என் முறை வந்தது. தாளில் இருந்த புகழ்ச்சியை வாசித்தேன். பிறகு தாளில் இல்லாத இரண்டை வாசித்தேன். மார்க் குறைப்பதில் எல்லா மதமும் ஒன்றுதான் என்றதற்கு அரங்கமே சிரித்தது, துறைத்தலைவர் சார் உட்பட. வலது பக்கத்து ஃபேன் ஓடவில்லை என்றபோது மாணவிகள் பக்கம் கைதட்டல் எழுந்தது. நிர்வாகத்திலிருந்து வந்தவர் எந்த ஃபேன் என்று பக்கத்தில் இருப்பவரிடம் கேட்டார். வாசலோரம் பார்த்தேன். மாரீஸ்வரி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் மைக்கை விட்டு இறங்கிவிட்டேன்.

நீங்கள் கேட்க வேண்டியதை மேடையில் கேட்கவில்லை, அப்பா. குழாயடியில், நகரும் முன்பு, மெதுவாகக் கேட்டேன். "அப்பாவுக்காக மன்னிச்சிருங்கக்கா" என்றேன். அவள் "ம்" என்றாள். மன்னித்ததாகச் சொன்னாளா, காதில் விழுந்ததாகச் சொன்னாளா என்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்ததாக எழுதினால் பொய்.

கூட்டம் கலைந்ததும் அவளாக வந்து என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று தோழி வாசலில் நின்று கத்தினாள். "இருடி, பஸ்ஸுக்கு என்ன றெக்கையா இருக்கு?" என்று பதிலுக்குக் கத்திவிட்டு, என் பக்கம் திரும்பினாள்.

"சாருக்கு என்ன செஞ்சுது?"

இத்தனை நாளில் என்னிடம் யாரும் இப்படிக் கேட்டதில்லை. எல்லாரும் தெரிந்ததுபோலச் சொல்லிவிட்டுத்தான் போனார்கள்.

"மத்தியானம் படுத்தாங்க. நான் காப்பி குடிக்க எழுப்பப் போனேன். எழுந்திருக்கல. ஏன்னு டாக்டருக்கே சரியாத் தெரியல" என்றேன். முதல்முறையாக அதை முழுசாகச் சொன்னேன்.

"நீதான் எழுப்புனியா?"

"ஆமா."

அவள் தலையை ஆட்டினாள். தோழி மறுபடி கத்தும்வரை பக்கத்திலேயே இருந்தாள். போகும்போது என் முழங்கையை ஒருதடவை தொட்டுவிட்டுப் போனாள். அப்போதும் எனக்கு அழுகை வரவில்லை. கை மட்டும் கொஞ்சநேரம் சூடாக இருந்தது.

நான் பெரியவளாகி உங்கள் பாடத்தையே படிக்கலாம், ஒருவேளை அதையே சொல்லிக்கொடுக்கவும் செய்யலாம். எதுவானாலும் ஒருவர் எப்படிப் போனார் என்பதை நானாகச் சேர்த்து முடிவு செய்ய மாட்டேன். கேட்பேன். சொல்ல விருப்பமில்லை என்றால் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். இது சத்தியம். அம்மா வாசலில் நின்று என்னைக் கூப்பிடுகிறார். உங்கள் படத்தை யாரோ கழற்றி எடுத்துப் போகிறார்கள். அரங்கத்து விளக்குகளை அணைத்துவிட்டார்கள்.

நீங்கள் சாப்பிடும்போது வாசித்துக் காட்டிய
உங்கள் ஒரே மகள்